கழுவாத முதுகு

கழற்றக் கழற்ற அந்தக் கார் கனத்துக்கொண்டே போனது.

கெத்தின் முதலில் தன் உடம்பைத்தான் சந்தேகப்பட்டான். விடியும் முன்பே பார்சல் கிடங்குக்குப் போய், ஊரார் சோபாவையும் நாய்த்தீனி மூட்டையையும் மதியம்வரை தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவனுக்குச் சாயங்காலம் தேநீர்க் கோப்பைகூடக் கனக்கத்தான் செய்யும். ஆனால் இது அந்தக் கனம் இல்லை. ப்ளோட்வென் கிழவி வீட்டிலிருந்து வாங்கி வந்த அன்று, சீட்டு, ஸ்டீயரிங், பெடல், பம்பர் என்று எல்லாம் இருந்த, குழந்தைகள் மிதித்து ஓட்டுகிற அந்த முழுக் காரை அவனும் அவன் மனைவி டெலித்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பேசிக்கொண்டே கொண்டுவந்து பின்பக்கக் கொட்டகையில் வைத்தார்கள். இப்போது எல்லாவற்றையும் கழற்றிப் பழைய போர்வையில் பரப்பியாயிற்று. மிச்சம் வெறும் தகரக்கூடு. அதை இருவராலும் தரையைவிட்டு ஒரு விரல் அளவுகூட எழுப்ப முடியவில்லை.

"உள்ள தண்ணி கிண்ணி நிக்குதா?" டெலித் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஓட்டைச் சட்டியில எங்க தண்ணி நிக்கும்?"

"அப்ப நீ தூக்கற மாதிரி நடிக்கிற. கிடங்குலயும் இப்படித்தானா?"

மாடியிலிருந்து மகள் நெஸ்டாவின் இருமல் கேட்டது. இருவரும் அது நிற்கும்வரை அசையாமல் நின்றார்கள். போன குளிர்காலம் முழுக்க அவர்கள் கற்றுக்கொண்டது அதைத்தான்: இருமல் வந்தால் நிற்பது, காதைக் கொடுப்பது, எண்ணாமல் எண்ணுவது. நெஸ்டாவுக்கு ஆறு வயது முடியப் போகிறது. நெஞ்சு பிறந்ததிலிருந்தே சரியில்லை. பனிக்காலத்தில் ஒரு நாள் உதடு நீலமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வரும்போது டாக்டர், "மெத்தையில போட்டே வளக்காதீங்க, மெதுவா மூச்சுக்கு வேலை குடுங்க" என்றார். சைக்கிள் ஓட்டினால் நாலு வீடு தாண்டுவதற்குள் விசிலடிக்கும் நெஞ்சு. பெடல் கார் என்றால் மிதிக்கலாம், முடியாதபோது உட்கார்ந்தபடியே ஓயலாம். இந்தக் குளிரைப் பிள்ளை தாண்டிவிட வேண்டும். அவ்வளவுதான் கெத்தின் கேட்டது.

காரைக் கொடுத்தபோது ப்ளோட்வென் கிழவி வாசலுக்குக்கூட வரவில்லை. ஜன்னலைத் திறந்து பேசினாள்.

"எடுத்துட்டுப் போ தம்பி. எங்க ஆளு செஞ்சு வெச்சுட்டுப் போனான், ஏறி உக்கார எனக்கு எங்க பிள்ள பொறந்துச்சு? ஒரு பூனை படுத்துச்சு, அதுவும் ஒரு நாள்தான்."

"ஏன் ஒரு நாள்?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும். செத்துப்போச்சு."

அவள் கணவன் இவோர், சுரங்கத்தில் நெஞ்சு போனவன். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கில் நெஞ்சு போனவர்களுக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது. நிலக்கரித் தூசி நுரையீரலில் கெட்டித்துப்போய், பத்தடி நடந்தால் சுவரைப் பிடிக்கிற ஆட்களுக்கென்று பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஒரு பட்டறை நடந்தது; குழந்தைகளுக்கான கார் செய்கிற பட்டறை. அங்கே இவோர் கழிவுத் தகடுகளை எடுத்துக் கூட்டாளிகளோடு செய்தது இந்தக் கார். தகடு வளைத்தவன் ஒருவன், ஆணி அடித்தவன் ஒருவன், பெயிண்ட் பூசியவன் ஒருவன். ஆளுக்கு ஒரு கை போட்டிருக்கிறார்கள், இருமிக்கொண்டே.

மறுநாள் கெத்தின் ஒரு மரச்சட்டத்தை நெம்புகோலாகக் கொடுத்து, கூட்டைக் கவிழ்த்துப் போட்டான். கொட்டகையே அதிர்ந்தது. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. கூரையில் மழை பொடிப்பொடியாக அடித்தது. அவன் விளக்கைக் கீழே இறக்கிப் பிடித்தான்.

நல்ல வேலை. கண்ணே படாத மடிப்பில்கூடப் பெயிண்ட் பிசகாமல் பூசியிருந்தார்கள். அடிவயிற்றின் நடுவில் மட்டும், முன்னாலிருந்து பின்வரை, ஒரு சாண் அகலத்துக்குப் பூசவே இல்லை. அங்கே கறுப்பு. பளபளப்பில்லாத, அப்பிக்கிடந்த கறுப்பு.

கெத்தினுக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது: செய்தவர்கள் காருக்கும் முதுகைக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள். சிரித்துவிட்டான். அவன் தாத்தாவுக்கும் இப்படித்தான். சுரங்க வேலை முடிந்து வந்தால் கணப்படுப்பு முன்னால் தகரத் தொட்டியில் உட்கார்ந்து தலை, கழுத்து, நெஞ்சு, கால் எல்லாம் தேய்த்துக்கொள்வார். முதுகை மட்டும் யாரும் தொடக் கூடாது. முதுகைக் கழுவினால் முதுகெலும்பு பலமிழக்கும், மறுநாள் சுரங்கத்தில் பாறை மேலே சரிந்தால் தாங்காது என்று அந்தக் காலத்து ஆட்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். வருஷக்கணக்கில் கறுத்த முதுகோடு வெள்ளைச் சட்டை போட்டு சர்ச்சுக்குப் போனார்கள்.

டெலித் எட்டிப் பார்த்தாள். "அட, எங்கப்பா மாதிரி. அவரு படுத்து எந்திரிச்சா விரிப்புல முதுகு அச்சா விழுந்திருக்கும். எங்கம்மா திட்டாத திட்டு இல்ல." ஒரு விரலால் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "அதை அப்படியே விட்டுடேன்யா. யாரு கவுத்துப் பாக்கப் போறா?"

"அழுக்கு மேல பெயிண்ட் அடிச்சா உரிஞ்சு வந்துரும். அடியில துரு வேற."

"நாத்தம் வேற அடிக்குது" என்று போய்விட்டாள்.

அடித்தது உண்மைதான். துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயின் நெடிக்கு அடியில் வேறொன்று. நனைந்த கல். பூட்டிய தகர டப்பாவில் மறந்துபோன ரொட்டி. ஊறிக் காய்ந்து மறுபடி ஊறிய வியர்வை. கெத்தின் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான், பஞ்சால் துடைத்தான், பஞ்சு கறுத்தது, வேறு பஞ்சு எடுத்தான், அதுவும் கறுத்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. தொட்ட வேலையை விட்டுவிட்டு எழுந்து பழக்கம் இல்லை. டெலித் சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. கடைசிக் கறுப்பு பெயர்ந்து தகடு வெள்ளையாகத் தெரிந்தபோது, காதுக்குப் பக்கத்தில், வெகு தூரம் சுமந்து வந்த பாரத்தை இறக்கி வைக்கிறவன் விடுவதைப்போல ஒரு மூச்சு நீளமாக வெளியேறியது.

காற்று என்று நினைத்துக்கொண்டான். களைப்பு என்றும்.

கூட்டைத் தூக்கினான். ஒரு கையில் வந்தது.

அன்றைக்குத்தான் மாடிப்படியில் அந்தச் சத்தம். சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். இரண்டு படி. நிற்றல். மூச்சு வாங்குதல், ஈர மரத்தில் ரம்பம் இழுப்பதுபோல். மறுபடி இரண்டு படி. அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் அந்த ஏற்றம் தெரியும். எல்லா வீட்டிலும் ஒருவர் அப்படித்தான் படுக்கைக்கு ஏறினார். டெலித் எதிரில் உட்கார்ந்து உப்பைத் தள்ளி வைத்தாள். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. சத்தம் மேலே போய், நெஸ்டாவின் அறை வாசலில் நின்றது.

இறங்கி வரவில்லை.

அன்று ராத்திரி நெஸ்டா ஒரு முறைகூட இருமவில்லை.

அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. மூச்சு மருந்துக் குழாய் தலையணை அடியில் சும்மா கிடந்தது. கெத்தின் பிரைமர் அடித்தான், உப்புத்தாள் போட்டான், சிவப்புப் பூசினான். பிறந்தநாளன்று நெஸ்டா ஏறி உட்கார்ந்து, பெடலை மிதித்து, வரிசை வீடுகள் முடியும்வரை மேட்டுச் சந்தில் ஏறிப்போய்த் திரும்பி வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கவில்லை. துளியும். டெலித் முன்றிலில் நின்று ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்பா, தூக்கு!"

குனிந்து தூக்கினான். முதுகு பிடித்துக்கொண்டது. முந்தின வாரம் தோளில் துண்டுபோலக் கிடந்த பிள்ளை. முழங்காலை ஊன்றி எழ வேண்டியிருந்தது.

"என்னய்யா முனகற? கெழவனாயிட்ட" என்றாள் டெலித்.

"வெயிட்டு போட்டிருக்கா."

"போடட்டும். கண்ணு படாத மாதிரி பேசு."

ஆனால் நெஸ்டா அதே நெஸ்டாதான். கை குச்சி. கால் குச்சி. சட்டை தொளதொளத்தது. தட்டில் பாதி மிச்சம் வைத்தாள். அவள் உட்கார்ந்தால் நாற்காலி கிரீச்சிட்டது. அவள் ஓடினால் அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன. ஒரு காலையில் அவள் இறங்கி வரும்போது படிக்கட்டின் பலகை ஒன்று நீளவாட்டில் பிளந்தது. "ஈரத்துல உளுத்திருக்கும்" என்றாள் டெலித், சீக்கிரமாக. அவள் வேறெதையும் கேட்கத் தயாராக இல்லை. பிள்ளை இருமவில்லை, அதற்கு மேல் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

கெத்தினும் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தான். அவனுக்கும் தூக்கம் வேண்டும். வருஷக்கணக்காகத் தூங்காத தூக்கம்.

ஒரு ராத்திரி நெஸ்டா கட்டிலில் கவிழ்ந்து படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, என் முதுகுல சாஞ்சுக்கறாங்க."

"யாரு?"

"களைச்சுப் போயிருக்காங்க."

"வலிக்குதாம்மா?"

"எனக்கு இல்ல." பென்சில் நின்றது. "அவங்களுக்கு நிக்க எடமில்ல."

அவன் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். சுத்தமான முதுகு. சிவந்த, சோப்பு மணக்கிற, குழந்தை முதுகு. போர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். அவள் பென்சிலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். கீழே டெலித் பாத்திரம் கழுவும் சத்தம். மழை விட்டிருந்தது.

பழக்கம்தான். போன குளிர்காலத்துப் பழக்கம். குனிந்து அவள் முதுகில் காதை வைத்தான்.

அப்போதெல்லாம் உள்ளே விசில் கேட்கும். ரம்பம் கேட்கும். காறல் கேட்கும். இப்போது ஒன்றுமில்லை.

மூச்சே இல்லை.

பயந்து கையை மூக்கடியில் வைத்தான். மூச்சு வந்தது. சூடாக. ஈரக் கல் வாடையோடு.

மறுபடி காதை வைத்தான். உள்ளே இருட்டு மாதிரி ஓர் அமைதி. ஆழமாக. குழந்தை நெஞ்சுக்குள் இருக்க முடியாத ஆழம்.

டொக். டொக். டொக்.

இதயம் இல்லை. இதயத்துக்குப் பக்கத்தில். கல்லில் கல்லைத் தட்டுகிற ஓசை.

நின்றது.

டொக். டொக். டொக்.

கெத்தின் ஒரு நாளும் சுரங்கத்துக்குள் இறங்கியவன் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கப் பழகும் முன்பே ஒன்று கைக்கு ஏறிவிடும். கூரை சரிந்து மூடினால் அந்தப்பக்கம் உயிரோடு இருக்கிறவன் தட்டுவான். இந்தப்பக்கம் கேட்கிறவன் யாரானாலும் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாமல் போனால் நீயே புதைத்த மாதிரி. அதற்கு யோசிக்க நேரமில்லை. யோசிக்கக் கூடாது.

அவன் விரல் மடங்கியது. அவன் மடக்கவில்லை.

மகளின் முதுகில், மெதுவாக, மூன்று முறை தட்டினான்.

உள்ளே எல்லாம் நின்றது.

"என்னய்யா பண்ற?" டெலித் ஈரக்கையோடு வாசலில் நின்றாள். "தூங்கற பிள்ளையப் போட்டுத் தட்டிக்கிட்டு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

டொக்.

இடுப்புப் பக்கம். டொக். விலா எலும்புக்குக் கீழே. டொக் டொக். தோள்பட்டையில். கழுத்தடியில். ஒரு கை மட்டும் அல்ல. ஒருவர் மட்டும் அல்ல. கேட்டுவிட்டார்கள். வெளியே ஒருவன் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காருக்குக் கை கொடுத்த எல்லோரும் தட்டினார்கள்.

டெலித்துக்கும் கேட்டது. அவள் முகத்தில் தெரிந்தது.

நெஸ்டா கண் திறக்கவில்லை. அவள் முதுகில் சட்டைத் துணி மட்டும், பெருமழை விழுகிற குட்டையைப்போல, உள்ளிருந்து அங்கங்கே எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது.