மறுத்தவரை மாற்றுதல்

அறுபத்திரண்டு பேரில் அறுபத்தொரு பேர் 'யெஸ்' என்று பதில் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மட்டும் 'நோ'. அந்த ஒருவர் இறந்து அன்றைக்கு முப்பத்தோராவது நாள்.

சண்முகரத்தினம் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். குணபூசணி, கிளேம்ஸ் பிரிவு, நோ, காலை பத்து நாற்பது. பெயருக்கு நேராக வெறும் கோடு இருந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். இறந்துபோன மனைவியின் பெயருக்கு நேராக அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் காலையிலிருந்து மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தார்.

1996-ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர், அவர்தான் எடுபிடி. பத்து வருஷத்தில் ஆளாளுக்குத் தங்கள் வசதிக்காக மெயின் புரோகிராமோடு சின்னச் சின்ன எக்ஸ்டென்ஷன்களை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்கள். கவரில் முகவரி அடிக்க ஒன்று, லீவு நாள் பார்க்க ஒன்று, பிறந்தநாளை ஞாபகப்படுத்த ஒன்று. இனி அவையெல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ், புது சிஸ்டத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொருவரும் தானே உள்ளே போய் 'மாறச் சம்மதமா?' என்ற கேள்விக்கு 'யெஸ்' அடிக்க வேண்டும். மறுத்தவர்களும் பதில் சொல்லாதவர்களும் இரண்டு மணிக்குப் பழைய மெஷினோடு அழிந்துவிடுவார்கள். "மாறினா என் கவர் பிரிண்டிங் போயிடுமா லா?" என்று கேட்டுக் கேட்டே ஒரு மாதமாக அவர் உயிரை வாங்கியிருந்தார்கள்.

அவர் மனைவி பூசணி வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் ஒன்றே ஒன்று. தினமும் பன்னிரண்டரைக்கு அது அவர் திரையில் ஒரு வரியைக் கொண்டுவந்து போடும். ஆங்கில எழுத்தில் தமிழ். 'சாப்பிடுங்கோ, மாத்திரையை மறக்காதேங்கோ.' அவள் போன பிறகும் அது வந்துகொண்டுதான் இருந்தது. வெறும் புரோகிராம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? எழுதிக் கொடுத்ததே அவர்தான். இருந்தும் இந்த முப்பது நாளில் ஆபீஸ் வந்த நாளெல்லாம் பன்னிரண்டேகாலுக்கே திரை முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். அவளிடமிருந்து அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வரிதான்.

இன்றைக்கு அது வரவில்லை.

"புஷ்பவல்லி, அவ டெர்மினல்ல யாராச்சும் உட்கார்ந்தாங்களா?"

கிளேம்ஸ் பிரிவுக்காரி கைப்பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அரைநாள்தான். "யாருண்ணே உட்காருவா? அந்த நாற்காலியை ஒருத்தரும் தொடறதில்ல." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். "இன்னிக்கு வீட்டுல அந்தியேட்டிதானே? இங்க என்ன பண்றீங்க? போங்க லா, அண்ணே."

"ரெண்டு மணிக்குள்ள முடிச்சிட்டுப் போறேன்."

அவள் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி மறைந்தது. மழை வருவதற்கு முந்தைய மண்வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நட்டநடுப் பகல் சாயங்காலம்போல மங்கிக்கொண்டிருந்தது. கிள்ளான் வீட்டிலிருந்து பூசணியின் தம்பி சிவசம்பு போன் செய்தான்.

"அத்தான், ஐயர் எவ்வளவு நேரம் வெயிட் பண்ணுவார்? நாலு மணிக்கு அவருக்கு ரவாங்ல இன்னொரு வீடு."

"ஒரு சின்ன வேலை இருக்கு, சிவசம்பு."

"அக்காவை இன்னிக்கு அனுப்பி வைக்கணும். நாள் தவறக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தால், அதுவரை வீட்டையே சுற்றிக்கொண்டிருந்த ஆவி விடைபெற்றுப் போய்விடும் என்பது அவர்கள் குடும்பங்களின் நம்பிக்கை. வீட்டிலிருந்தும் ஆபீசிலிருந்தும் ஒரே நாளில் அவளை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. போனை வைத்தார்.

அவளுடைய பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும். உள்ளே போனார். 'மாறச் சம்மதமா?' 'யெஸ்' என்று அடித்தார். எழுத்துக்கள் ஒரு கணம் நின்றன. பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் அழிந்தன. அந்த இடத்தில், பழக்கமில்லாத விரல் தட்டுவதுபோல மெதுவாக, 'நோ' வந்து உட்கார்ந்தது.

கேபிள் கோளாறாக இருக்கும். மறுபடி அடித்தார். மறுபடி 'நோ'. மூன்றாவது முறை அவர் விரலை எடுப்பதற்கு முன்பே அது வந்துவிட்டது.

அவருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்ததால் பூசணியால் பேச முடியாது. இரண்டாவது ஆபரேஷனுக்கு டாக்டர் சம்மதம் கேட்டபோது அவள் வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவர் கெஞ்சினார். மறுபடி ஆட்டினாள். மூன்றாம் முறை கண்ணில் நீர் வழிய ஆட்டினாள். அவளுக்கு நினைவு தப்பிய அன்றைக்கு, கணவன் என்ற இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு பதினேழு நாள் கிடந்தாள். அந்தப் பதினேழு நாளைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

ஒன்று ஐம்பத்தைந்து. மழை பிடித்துக்கொண்டது.

தலைவருக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. அதைத் திறந்தார். 'பயனர் மறுத்துவிட்டார். உங்கள் பொறுப்பில் மாற்றவா?'

"எனக்காக, பூசணி," என்று வாய்விட்டுச் சொன்னார். அழுதுகொண்டே அழுத்தினார்.

'மாற்றப்பட்டார்.'

இரண்டு மணிக்குப் பழைய மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது. அதன் இரைச்சல் இல்லாத ஆபீஸை அவர் பத்து வருஷத்தில் கேட்டதில்லை. அவருக்கு ஆறுதலாக இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தார்.

டெட்டால் வாசனை.

கூடவே வேறொன்று. பழைய பஞ்சு, சீழ். அவர் மறந்துவிட்டதாக நினைத்த வாசனை. கிளேம்ஸ் பிரிவின் கடைசியில், தடுப்புக்குப் பின்னால் ஒரு திரை பச்சையாக எரிந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மூச்சு. சளி அடைத்த குழாய்க்குள் இழுத்து, நின்று, இழுக்கும் மூச்சு.

அவர் திரையில் எழுத்துக்கள் வந்தன.

'இஞ்சாருங்கோ.'

முப்பது வருஷமாக அவள் அவரைக் கூப்பிட்ட விதம். அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

'நோகுது.'

அதற்குக் கீழே இன்னொன்று. 'நோகுது.' திரை முழுக்க அதுவே. வரி வரியாக. மேலே ஏறிக்கொண்டே.

புது சிஸ்டத்தில் பயனரை நீக்கும் இடத்தைத் தேடினார். இருந்தது. அழுத்தினார். 'இந்த வசதி அடுத்த பதிப்பில் வரும்.' மறுபடி அழுத்தினார். அதே பதில்.

போன் அடித்தது. எடுத்தார்.

"அத்தான்," சிவசம்புவின் குரல் நடுங்கியது. "ஐயர் எழுந்து போயிட்டார். இங்க இனிமே அனுப்புறதுக்கு யாரும் இல்லன்னு சொல்றார். என்ன அத்தான் பண்ணீங்க?"

ரிசீவரை விட்டார். அது ஒயரில் தொங்கியது.

சுவருக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன் நின்றது. திரைகள் இருண்டன.

மூச்சு நிற்கவில்லை.

மேசைகளைத் தடவிக்கொண்டு நடந்தார். தடுப்பைச் சுற்றினார். இருட்டு. நாற்காலி கிறீச்சிட்டது.

"மன்னிச்சிடு, பூசணி. போ. நான் விட்டுடுறேன். போயிடு."

மூச்சு இழுத்தது. நின்றது. இழுத்தது.

அவளால் போக முடியாது. அது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரு கை அவர் கையைத் தேடிப் பிடித்தது. ஈரம். எலும்பு. கோபமே இல்லாத பிடி. அது அவர் விரல்களை மெல்ல மேலே கொண்டுபோய், தன் தொண்டையில் வைத்தது. குழாய் செருகியிருந்த துளை அங்கே இளஞ்சூடாக, மூச்சுக்கு மூச்சு, அவர் விரல் நுனியில் திறந்து மூடிக்கொண்டிருந்தது.