பால் காய்ச்சிய வீடு

மார்கழி மாதத்தில் தேவராசாவின் பிடரி வெயிலில் கறுத்திருந்தது.

சேட்டுக் கொலரை மடித்துவிடப் போன சிவனேஸ்வரியின் விரல் அந்த இடத்தில் நின்றது. கொலருக்கு மேலே கருகிய நிறம், கீழே வழக்கமான வெளிறல், நடுவில் கோடு கீறியதுபோல ஓர் எல்லை. அவர்கள் குடியிருந்த குளிர்நாட்டுச் சட்டன் நகரில் மூன்று கிழமையாகச் சூரியனைக் கண்டவர் எவருமில்லை.

"உதென்ன கழுத்தில?"

"ஹீற்றருக்குக் கிட்ட இருந்திருப்பன்," என்றார், திரும்பாமல்.

ஏறக்குறைய முப்பது வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்த மனிதர். பகலெல்லாம் திரைச்சீலையை மூடிவிட்டு உறங்கியவர். கோடை வந்து போனதைக்கூட அவள் சொல்லித்தான் அறிவார். வேலையை விட்ட அன்றே, மிச்சக் காலம் வெயிலில்தான் என்று சொல்லிவிட்டார். ஸ்பெயின் வேண்டாம், சென்னை வேண்டாம். அமெரிக்காவின் தென்மேற்கே, மழை மறந்துபோன பாலைவனம்தான் வேண்டும். டூசானில் நல்ல ஆஸ்பத்திரி, லாஸ் குருசஸில் வீடு மலிவு, யூமாவில் வருடம் முழுக்க வெயில் என்று சாப்பாட்டு மேசையில் ஊர்களைத் தராசில் போட்டுக்கொண்டே இருந்தார்.

மகள் துஷ்யாவுக்குத் தை மாதம் முதல் பிள்ளை பிறக்க இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளை விட்டுவிட்டு எங்கும் வரமாட்டேன் என்று சிவனேஸ்வரி சொல்லிவிட்டாள். அவர் தனியே போய்விடுவாரோ என்ற பயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

துஷ்யாவிடம் முறையிட்டபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தப் பென்சனோடு அங்கே குடியிருக்க யார் விடப்போகிறார்கள் என்றாள். "அப்பா பாக்கட்டும், அம்மா. பாக்கிறதுக்கு விசா தேவையில்லைத்தானே."

பார்த்தார். பின்னேரம் வெளியே இருட்டத் தொடங்கும்போது டாப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னறைக் கதிரையில் இருப்பார். யூமாவில் அப்போது காலை. விற்பனைக்கு இருந்த வெறும் வீடொன்றில் கமரா பூட்டியிருந்தார்கள். வாங்க விரும்புகிறவர்கள் எந்த நேரமும் பார்க்கலாமாம். லைட் போடாத அறையில், அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருந்து வெயில் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.

வெறும் வீட்டைப் பார்க்கிறவர் ஏன் சிரிக்கிறார்? குசினியில் பாத்திரம் கழுவுகிற சாட்டில் தண்ணீரை மெல்லத் திறந்துவைத்துக் காதைக் கொடுப்பாள். தணிந்த குரலில் ஏதோ பேச்சு, ஓர் இடைவெளி, யாரோ பதில் சொன்னதுபோல "ஓம், ஓம்" என்ற இணக்கம். ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். அவர் குளிக்கப் போன நேரம் டாப்லெட்டைத் திறந்தும் பார்த்தாள். சீமெந்து விறாந்தை, அதற்கப்பால் வெண்மையாக எரியும் மண். ஆளில்லை.

களவாக எங்கோ போய்வருகிறாரோ என்று அவருடைய பஸ் பாஸை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தாள். வாசல் பூட்டின் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் தேடவே இல்லை. கறுப்பு மட்டும் கழுத்திலிருந்து முழங்கைக்கு இறங்கியது.

அந்த வீட்டில் துவைத்த துணி இரண்டு நாள் ஹீற்றரில் கிடந்தாலும் ஈரநெடி போகாது. சுவர் மூலைகளில் பூஞ்சணம் கறுப்பாய்ப் படர்ந்திருந்தது. ஆனால் அவர் கழற்றிப் போடும் சேட்டுகளில் உச்சி வெயிலில் கொடியில் காய்ந்த துணியின் மணம் இருந்தது. குளியல் தொட்டியின் அடியில் வெளிறிய மண் நறநறத்தது. ஜக் ஜக்காகத் தண்ணீர் குடித்தார். உதடு வெடித்தபடியேதான் இருந்தது. வேர்க்கவுமில்லை. குடித்தது எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. டொக்டரிடம் போவோம் என்றதற்கு, தனக்கு இப்போதுதான் உடம்பு சுகம் என்றார்.

மார்கழிக் கடைசியில் ஒரு பின்னேரம் அவளைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும். யூமாதான். தீர்மானிச்சிட்டன்."

சண்டைக்கு ஆயத்தமாய் வந்தவளிடம் அவர் கெஞ்சினார். பால் காய்ச்சாத வீட்டில் குடியிருப்பது சரியில்லையாம். ஒருதரம் காய்ச்சிவிடட்டுமாம்.

"அங்கத்தை வீட்டுக்கு இஞ்ச ஆரும் பால் காய்ச்சுவினமே? விசரே உங்களுக்கு?"

"வீட்டுக்காரி எங்க நிண்டு காய்ச்சினாலும் சரி. இதை மட்டும் செய்யும். பிறகு நான் போற கதையே கதைக்கமாட்டன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவள் அடுப்பை மூட்டினாள். ஒரு சட்டி பாலோடு மனுசன் அடங்கி வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளையைக் கையில் வாங்கினதும் எல்லாம் மறந்துவிடும் என்று நினைத்தாள்.

பால் சூடேறி, ஆடை கட்டி, விளிம்பில் நுரை தள்ளி மெல்ல எழும்பியது. முன்னறையில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்தது. குரல் நின்றது.

சில்வர் பேணியில் வார்த்துக்கொண்டு நடந்தாள். நடையில் கார்ப்பெட் காலுக்குக் கீழே நொறுங்கியது. மண்.

முன்னறைக் கதவு சுட்டது.

உள்ளே ஈரநெடி இல்லை. பூஞ்சணம் இல்லை. சுவர்த்தாள் சுருண்டு தொங்கியது. கதிரையில் அவருடைய சேட்டு. சேட்டுக்குள் அவர். காய்ந்து, எலும்போடு ஒட்டி, ஒரு பிள்ளையின் பருமனுக்கு வந்திருந்தார். உதடுகள் பின்வாங்கிப் பற்கள் மட்டும் தெரிந்தன.

மடியில் டாப்லெட். வெயில்.

திரைக்குள், விறாந்தையில் ஒருவர் காலை நீட்டி இருந்தார். முதுகு தெரிந்தது. அந்த முதுகு அவளுக்குத் தெரியும்.

"இஞ்சேரும், பால் எங்கை?" என்றார், வீட்டுக்குள்ளே பார்த்து.

"வாறன்."

சிவனேஸ்வரி வாய் திறக்கவில்லை. குரல் அவளுடையது.

கையில் இருந்த பேணி இலேசாகியது. குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டும் இல்லை.

திரையில், சிவனேஸ்வரி போட்டிருந்த அதே வீட்டுச் சட்டையோடு ஒருத்தி வெளியே வந்தாள். பேணியை அவர் கையில் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். மடக் மடக்கென்ற அந்தச் சத்தம் முன்னறையில் கேட்டது. அந்த ஒருத்தி அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். தலைமுடியை ஒதுக்கினாள். பிறகு, அவசரமில்லாமல், கமராப் பக்கம் முகத்தைத் திருப்பத் தொடங்கினாள்.