பதினாறு கிரெடிட் வேணுமுங்க!

டிரிங்... டிரிங்... டிரிங்!

போத்தனூர் போலீஸ் ஸ்டேஷனின் கறுப்பு டெலிபோன் காலை பத்தே முக்காலுக்கு அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் பொற்கொடி ரிசீவரை எடுத்தாள்.

"ஏனுங்க... போலீஸ் ஸ்டேசனுங்களா?" பெண் குரல். நடுக்கம்!

"ஆமாங்க, சொல்லுங்க."

"இங்க ஒரு சாவுங்க..."

பொற்கொடியின் முதுகு நிமிர்ந்தது.

"எங்க? யாரு?"

"இன்னும் ஆகலீங்க... ஆகப்போகுதுங்க! உள்ள இருந்து அவரேதான் இன்டர்காம்ல சொல்லிட்டிருக்கிறாருங்க!"

ஆறாவது நிமிடம் ஜீப் அங்கே நின்றது.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு பழைய பேங்க் கட்டடம். பேங்க் எப்போதோ இடம் மாறிவிட்டது. இப்போது வாசலில் வேறு போர்டு.

'காவேரிக்கரை திறந்தவெளிப் பல்கலைக்கழகம். தலைமையகம்: கொடுமுடி. அனுபவ மதிப்பீட்டு மையம், போத்தனூர்.'

உள்ளே நாற்பது பேர் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்பு படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் ஆதாரம் காட்டினால் இங்கே கிரெடிட் போடுவார்கள். முப்பத்திரண்டு கிரெடிட் சேர்ந்தால் டிப்ளமா. அதில் பாதியை அனுபவத்திலேயே கழித்துக்கொள்ளலாம். ஒரு டீ மாஸ்டர் வேதியியலுக்குக் கிரெடிட் கேட்டு பாய்லரோடு வந்திருந்தார்!

போன் செய்த சூப்பிரண்டென்ட் ராமாமணி ஓடி வந்தாள். ஐம்பது வயது. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டிருந்தது.

"வாங்க அம்மணி! டைரக்டர் கோவிந்தராஜுலு சார் சீல் எடுக்கோணும்னு ஸ்ட்ராங் ரூமுக்குள்ள போனாருங்க. கதவு தானா சாத்திக்கிச்சுங்க. சாவி அவர் பாக்கெட்டுலயே இருக்குது!"

"உள்ள இருந்து தெறக்க முடியாதா?"

"உள்பக்கம் சாவித் துவாரமே இல்லீங்க. பேங்க்காரங்க வெச்ச கதவுங்க!"

"டூப்ளிகேட்?"

"கொடுமுடில. ஜீப்புல வந்தாலும் மூணு மணி நேரமாகும். ஃபயர் சர்வீஸ்ல கேஸ் கட்டர் வெச்சா அஞ்சு மணி நேரம்ங்கிறாங்க. சாருக்கு இளைப்பு வேற..."

ராமாமணி மேஜையைக் காட்டினாள்.

இன்ஹேலர் வெளியே இருந்தது!

இன்டர்காமில் மூச்சு விசிலடித்தது. "ஈஈ... யாருங்க... வந்திருக்கிறது...?"

"எஸ்.ஐ. பொற்கொடி சார். தைரியமா இருங்க."

"தைரியம் இருக்குதுங்க... காத்துதான் இல்ல..."

பொற்கொடி கதவைப் பார்த்தாள். ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு. நடுவில் ஒற்றைத் துவாரம்.

"எட்டு லீவர் பூட்டுங்க அது," என்றது ஒரு குரல்.

திரும்பினாள்.

கடைசி பெஞ்சு. நாற்பத்தேழு வயது. காக்கிச் சட்டை. மடியில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம்.

பொற்கொடியின் பற்கள் நறநறத்தன.

சுப்பையன்!

1989. தாராபுரத்தில் ஒரு நகைக்கடை. இரும்புப் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே நகை இல்லை. பூட்டுக்குள் மட்டும் தேங்காயெண்ணெய் வாசம்! மூன்றாம் நாள் நகை முழுதும் அதே கடை வாசலில் கிடந்தது. பொற்கொடி அப்போது கான்ஸ்டபிள். சுப்பையனைப் பிடித்தது அவள்தான். 'அந்தப் பூட்டைத் திறக்க இவருக்குத் தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கோர்ட்டில் கேட்டார்கள். அவள் திருதிருவென்று விழித்தாள். கோர்ட்டே சிரித்தது. சுப்பையன் விடுதலை.

ஏழு வருடமாக அந்தச் சிரிப்பு அவள் காதில் இருந்தது.

"நீங்க எங்க இங்க?"

"கணபதிப் பக்கம் பீரோ கம்பெனில ஃபிட்டருங்க, அம்மணி. நாலு வருசமாச்சு. டிப்ளமா இல்லாதவங்களை ஒண்ணாந்தேதி ஊட்டுக்கு அனுப்புறாங்களாம். பதினாறு கிரெடிட் காட்டுனா வெச்சுக்குவாங்க. பூட்டுல இருவது வருச அனுபவம்னு எழுதிக் குடுத்தேன். டைரக்டர் நாலு வருசத்துக்குத்தான் சர்டிபிகேட் இருக்குது, மிச்சப் பதினாறு வருசத்துக்கு ஆதாரம் எங்கன்னு தள்ளிப்போட்டாருங்க."

"ஆதாரமா!" பொற்கொடி பல்லைக் கடித்தாள். "என்னையும் அதையேதான் கேட்டாங்க."

இன்டர்காமில் ஏதோ சரிந்து விழும் சத்தம்.

"சார்!" ராமாமணி வீறிட்டாள்.

"நாற்காலிதாங்க... நான் இன்னும்... விழலீங்க..."

சுப்பையன் எழுந்தான். கதவைப் பார்த்தான். பிறகு பொற்கொடியைப் பார்த்தான். கதவைத் திறந்தால் அவளுக்கு ஆதாரம். திறக்காவிட்டால் உள்ளே ஒரு பிணம்!

அவள் பெல்ட்டில் கைவிலங்கு பளபளத்தது.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி வேணுமுங்க," என்றான் சுப்பையன். "அப்புறம்... கொஞ்சம் தேங்காயெண்ணெய்."

பொற்கொடியின் புருவம் ஏறியது!

ராமாமணி கைப்பையிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்து நீட்டினாள். கான்ஸ்டபிள் தம்பிதுரை வாசலில் நின்ற முதல் சைக்கிளிலிருந்து கம்பியைக் கழற்றினார். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பிதுரை முறைத்தார். வாய் மூடிக்கொண்டது.

சுப்பையன் துவாரத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டான். கம்பியை வளைத்து உள்ளே நுழைத்தான். மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டான்.

"எதுக்குங்க பல்லுல?"

"லீவர் அசையறது பல்லுலதாங்க கேக்கும்."

கண்ணை மூடினான். ஹால் முழுக்க மூச்சை அடக்கியது.

தடதடதடதட...!

கட்டடமே ஆடியது.

"என்னங்க அது?"

"கூட்ஸ் வண்டி ஷன்டிங்ங்க," என்றார் தம்பிதுரை. "ஜங்ஷன் பின்னாடிதானே."

சுப்பையன் கம்பியைத் துப்பினான். "பல்லு பூரா ரயிலுங்க! இப்புடி ஆடுனா பூட்டு எங்க கேக்குறது?"

"தம்பிதுரை! ஓடுங்க. ரயிலை நிறுத்தச் சொல்லுங்க!"

"ரயிலையா? காரணம் கேப்பாங்களே, அம்மா?"

"பரீட்சை நடக்குதுன்னு சொல்லுங்க!"

தம்பிதுரை ஓடினார்.

பரீட்சை என்ற சொல் இன்டர்காம் வழியே உள்ளே போயிருக்க வேண்டும். விசில் மூச்சு சட்டென்று நின்றது.

"யாருங்க... பூட்டத் தெறக்கிறது?"

"காலைல நீங்க தள்ளுன சுப்பையன் சார்," என்றாள் ராமாமணி.

"அப்புடியா... ஈஈ... அப்ப இத செய்முறைத் தேர்வா எடுத்துக்கிறேன். ஒரு லீவருக்கு ரெண்டு கிரெடிட். ராமாமணி... மார்க் ஷீட்டு எடுங்க!"

"சார், மூச்ச மிச்சம் பண்ணுங்க!" என்று கத்தினாள் பொற்கொடி.

"விதி எண் பதினொண்ணுங்க... மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டே ஆகோணும்... சுப்பையன், லீவர்னா என்ன?"

வெளியே ரயில் சத்தம் நின்றது!

சுப்பையன் கம்பியைக் கடித்தபடியே பேசினான். "பித்தளத் தகடுங்க. எட்டும் ஒரே நேர்ல வந்து நின்னாத்தான் பூட்டு நாக்கு உள்ள போகும். ஒண்ணு மயிரிழை தப்புனாலும் போச்சு."

க்ளிக்.

"ஒண்ணு," என்றாள் ராமாமணி. எழுதினாள். "ரெண்டு கிரெடிட்."

க்ளிக். க்ளிக்.

"ஆறு கிரெடிட்டுங்க!"

டீ மாஸ்டர் கைதட்டினார். பொற்கொடி முறைத்தாள். அவர் பாய்லருக்குப் பின்னால் மறைந்தார்.

சுப்பையனின் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. நாலு... அஞ்சு... ஆறு... ஏழு. ஒவ்வொரு க்ளிக்குக்கும் உள்ளேயிருந்து வந்த கேள்வி குட்டையாகிக்கொண்டே போனது. ஏழாவதுக்குக் கேள்வியே வரவில்லை.

"சார்? சார்!"

இன்டர்காமில் வெறும் இரைச்சல்.

"சீக்கிரமுங்க சுப்பையன்!" பொற்கொடி தன்னையறியாமல் அவன் தோளைப் பிடித்தாள்.

"எட்டாவது மசிய மாட்டேங்குதுங்க... தேஞ்சு போயிருக்குது..." கம்பி கிறீச்சிட்டது. அவன் ஈறிலிருந்து ரத்தம். ஒரு பல் ஆடியது. அவன் விடவில்லை.

க்ளிக்!

கதவு முனகிக்கொண்டு திறந்தது.

வழுக்கைத் தலையும் சஃபாரி சூட்டுமாக ஓர் உருவம் வெளியே சரிந்தது. ராமாமணி இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். ஒருமுறை... இருமுறை... மார்பு ஏறி இறங்கியது. கண் திறந்தது.

"பதினாறு... கிரெடிட்," என்றார் அவர். "பாஸுங்க!"

ஹால் அதிர்ந்தது. சுப்பையன் கதவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

பொற்கொடி கைவிலங்கை உருவினாள்.

"நாப்பது பேர் சாட்சி. எண்ணெய்கூட அதே எண்ணெய். கெடச்சுதுங்க ஆதாரம்! தாராபுரம் கேஸ்ல உங்களக் கைது பண்றேன், வாங்க."

சுப்பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் திமிர் இல்லை. களைப்புதான் இருந்தது.

"அது நாந்தானுங்க, அம்மணி. பொய் சொல்லல. மனசு கேக்காம மூணாம் நாளே கொண்டுபோய் வெச்சுப்போட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கேஸ்ல விடுதலை ஆயிட்டேனுங்க. ஒரே கேஸுக்கு ரெண்டு தடவ விசாரிக்கக் கூடாதாம்... வக்கீலய்யா அன்னிக்கே சொன்னாருங்க."

பொற்கொடியின் கை அந்தரத்தில் நின்றது.

ஏழு வருடம்! கிடைத்த ஆதாரம் வைக்க இடமில்லாமல் போனது!

கைவிலங்கு மெல்ல பெல்ட்டுக்குத் திரும்பியது.

டைரக்டர் சுவரைப் பிடித்து எழுந்தார். மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.

"ராமாமணி, சீல் உள்ள மேஜை மேல இருக்குது. எடுத்து..." சட்டென்று முகம் வெளிறியது. "வேண்டாமுங்க! நானே எடுக்கிறேன்!"

அதற்குள் ராமாமணி ஸ்ட்ராங் ரூமுக்குள் போயிருந்தாள்.

வெளியே வந்தபோது அவள் கையில் சீல். இன்னொரு கையில் ஒரு விண்ணப்பம். பாதி சீல் குத்தியது. மை புதுசு.

அவள் கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது.

பொற்கொடி விண்ணப்பத்தைப் பிடுங்கினாள். உரக்கப் படித்தாள்.

"'பெயர்: பாலகோபால். படிப்பு: ஒன்பதாம் வகுப்பு, ஃபெயில். முன் அனுபவம்: எட்டு மாதம்... பல்கலைக்கழக டைரக்டர்!'"

டீ மாஸ்டர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதில் ஒட்டியிருந்த போட்டோவில் அதே வழுக்கைத் தலை!

"யாருங்க நீங்க?"

அவர் தலைகுனிந்தார்.

"கிரெடிட் கேட்டுத்தானுங்க நானும் வந்தேன். மே மாசம். வெய்யில். காத்தாடிக்குக் கீழ இருந்தது அந்த ஒரே நாற்காலி. உக்காந்தேன். ஒருத்தர் ஃபைலக் கொண்டாந்து நீட்டுனாங்க. கையெழுத்துப் போட்டேன். மறுநாளும் வரச் சொன்னாங்க..."

"ஃபைலை நீட்டுனது யாரு?"

ராமாமணி கையைத் தூக்கினாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நான்தானுங்க. கோவிந்தராஜுலு சாரைப் போட்டிருக்குதுன்னு கொடுமுடில இருந்து பேர்ப்பலகை வந்துச்சு. ரெண்டாம் நாள் இவரு வந்து உக்காந்திருந்தாரு. நான் கேக்கவே இல்லீங்க!"

"நெஜக் கோவிந்தராஜுலு?"

"லீவுல இருக்கிறாரு போலீங்க," என்றார் பாலகோபால். "போத்தனூர் வேண்டாம்னு மனு மேல மனுவா போட்டிருக்கிறாரு. அதையெல்லாம் நான்தான் பரிந்துரை பண்ணி அனுப்பி வெச்சேன்."

"சம்பளம்?"

"தொடவே இல்லீங்க, அம்மணி! அனுபவத்துக்காகத்தான் பாத்தேன்."

சுப்பையன் எழுந்து நின்றான். மேஜையிலிருந்த மார்க் ஷீட்டை எடுத்துக் காட்டினான்.

"அப்ப... எனக்குப் போட்ட பதினாறு?"

போலி டைரக்டர் போட்ட கையெழுத்து. காகிதம் காகிதமாகவே இருந்தது. சுப்பையன் ஆடிய பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

"நில்லுங்க!"

பொற்கொடி, திரும்பி வந்திருந்த தம்பிதுரையிடமிருந்து லெட்டர்பேடை வாங்கினாள். விறுவிறுவென்று எழுதினாள்.

'...மேற்படி சுப்பையன் என்பவர் எட்டு லீவர் பூட்டை என் முன்னிலையில் முப்பத்தெட்டு நிமிடத்தில் திறந்து ஓர் உயிரைக் காப்பாற்றினார். இத்தொழிலில் இவருக்கு நீண்ட அனுபவம் உண்டென்று எனக்கு 1989 முதல் தெரியும்.'

கையெழுத்து. ஜீப் பெட்டியிலிருந்து ஸ்டேஷன் முத்திரை.

"நேரா கொடுமுடிக்கே கொண்டுபோய்க் குடுங்க. இத யாரும் தள்ள முடியாது." பேனாவை மூடினாள். "ஏழு வருசங் கழிச்சாச்சும் நிரூபிச்சுப்போட்டேனுங்க!"

சுப்பையன் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினான். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான்.

பொற்கொடி விண்ணப்பத்தை மறுபடி பார்த்தாள். கடைசி வரியில் கண் நின்றது.

"பாலகோபால்... கேட்ட கிரெடிட் பதினாறு. டைரக்டரா நீங்களே உங்களுக்குப் போட்டது பதினாலு. ஏனுங்க ரெண்டைக் கொறச்சீங்க?"

"அப்ளிகன்ட்டுக்குத் தகுந்த ஆதாரம் இல்லீங்களே, அம்மணி," என்றார் அவர் நிஜமான வருத்தத்துடன். "விதின்னா விதிதானுங்க. அந்த மிச்ச ரெண்டுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

பொற்கொடி கைவிலங்கை அவர் மணிக்கட்டில் மாட்டினாள்.

"கவலையே வேண்டாம், வாங்க சார். அந்த ரெண்டைக் கோர்ட்டுல போட்டுக் குடுப்பாங்க... அங்க அதுக்குக் கிரெடிட்டுனு சொல்ல மாட்டாங்க, வருசம்னு சொல்லுவாங்க!"