கணவாயில் கிடைக்காத எண்

குரல் செய்தி தொட்டவுடன் திறந்ததுதான் வஹீபாவுக்குப் பிடிக்கவில்லை.

அவள் கணவன் ஷாயிஃப் ஏடன் துறைமுகத்திலிருந்து அவர்கள் ஊரான தயிஸுக்குக் கோதுமை ஏற்றி வரும் லாரிக்காரன். இரண்டு போன் வைத்திருந்தான். மலைக்கணவாய் ஏறினால் புது எண் அடியோடு செத்துவிடும். பழைய எண் மட்டும் நொண்டி நொண்டி வரும். நாலு வார்த்தை பேசி அனுப்பினாலும் சாம்பல் நிற வட்டம் சுற்றிக்கொண்டே கிடக்கும்; மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் திறக்கும். டேட்டாவை மிச்சம் பிடிக்க ஒரு வழக்கமும் இருந்தது. போன் இரண்டு முறை மணி அடித்துக் கட் ஆனால் தெருமுனைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். நாலு வயது மகள் ரஹஃப் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறப்பாள்.

இன்று பேசியது புது எண்.

"கணவாய்லதான் இருக்கேன் வஹீபா. என்ன சமையல்? பிள்ளை தூங்கிட்டாளா? வீட்ல வேற யாரும் இல்லையே?"

வைஃபை கார்டு விற்கும் மாடிவீட்டு உம்மு ஸக்ரிடம் இதைச் சொல்லிக் கேட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கணவாய்ல புது எண்ணா? அங்க அது வெறும் செங்கல்லுடி. உன் ஆளு ஊருக்குள்ள எவ வீட்டு மெத்தையிலயோ சாஞ்சு காத் இலை மென்னுகிட்டு இருப்பாரு. ரெண்டாவது வீடு எங்கன்னு விசாரி."

வஹீபா அடுக்களைக்குத் திரும்பினாள். பிசைந்த ரொட்டி மாவை அப்படியே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் புது எண்ணுக்குப் பேசி அனுப்பினாள்.

"கணவாய்ல எப்படி உங்களுக்கு இவ்ளோ வேகம்?"

அவள் விரலை எடுக்கும் முன்பே பதில் வந்தது.

"இங்க நல்லாக் கிடைக்குது. இங்க எல்லாமே கிடைக்குது."

அந்தச் செய்தியை மறுபடி போட்டுக் கேட்டாள். லாரி உறுமல் இல்லை, ஹாரன் இல்லை, பெண் குரலும் இல்லை. ஷாயிஃபின் குரலுக்குப் பின்னால், ஆழத்தில் எங்கோ, கல்லின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் மட்டும் கேட்டது. சுருக்கமாகப் பேசும் மனிதன் அவன். இன்று ஏன் இத்தனை கேள்வி?

அப்போது பழைய எண்ணிலிருந்தும் போன் சிணுங்கியது. ஒரு குரல் செய்தி. வட்டம் சுற்றியது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ரஹஃபை அடுக்களையில் விட்டுவிட்டு, போனோடு மாடிக்கு ஏறினாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். தெருவே காத் மயக்கத்தில் அடங்கிக் கிடந்தது. தொட்டியின் தகரம் வெயிலில் நாறியது. போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். வட்டம் நின்றது. மறுபடி சுற்றியது.

கையில் போன் கீழ்வரை கேட்கும்படி அடித்தது. புது எண். ஒரு மணி. இரண்டு.

கட்.

படிக்கட்டு வழியாக ரஹஃபின் குரல் மேலே வந்தது.

"பாபா வந்துட்டாங்க."

"திறக்காதே" என்று வஹீபா ஏன் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் கீழே கதவு கிரீச்சிட்டது.

வட்டம் மறைந்தது. பழைய எண்ணின் குரல் உடைந்து உடைந்து வந்தது. பின்னால் லாரி உறுமியது.

"காலையில புது போன் தண்ணிப் பள்ளத்துல விழுந்துருச்சு. எடுக்க முடியல. இன்னும் கணவாய்லதான் நிக்கிறேன். வர ராத்திரி ஆயிரும். போதும்."

வஹீபா படியை நோக்கி ஓடினாள். கையில் போன் அதிர்ந்தது. புது எண். ஒரு படம். வட்டமே இல்லை. உடனே திறந்தது.

அவளுடைய அடுக்களை. அவள் பாதியில் விட்ட மாவு. ரஹஃப் யார் மடியிலோ உட்கார்ந்து சிரிக்கிறாள். அவள் தலையை ஒரு கை வருடுகிறது. ஷாயிஃபின் மோதிரம் போட்ட கை. விரலெல்லாம் பச்சைப் பாசி, நகக்கண்ணில் சொட்டும் தண்ணீர்.

கீழே, அவள் வீட்டுக் கதவின் உள்தாழ்ப்பாள் மெதுவாக விழும் சத்தம் கேட்டது.