அடர்த்தி கூடிய திரையில் மட்டும்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். டீம் லீடர். செயலியைச் சோதித்துப் பார்க்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மூன்றாவது, அந்தச் செயலியை எழுதிய அவன். மேஜையில் வரிசையாக ஐந்து போன்கள், எல்லாத் திரைகளிலும் அவன் வீட்டு வாசல். அந்த வாசலில் ஒருவர் நிற்கிறார் என்று பூதக்கண்ணாடி சொன்னாள். ஆனால் ஒரே ஒரு போனில்தான் தெரிகிறாராம்.

செயலியின் வேலை எளிது. கதவில் ஒரு மின்பூட்டு, எதிர்ச் சுவரில் ஒரு கேமரா. போனிலேயே வாசலைப் பார்க்கலாம், திரையைத் தட்டினால் கதவு திறக்கும், பூட்டும். சோதனைக்கு நிஜமான வாசல் வேண்டும் என்று கம்பெனி கேட்டபோது, ஓசியில் பூட்டு வருகிறதே என்று அவன்தான் தன் வீட்டுக் கதவைக் கொடுத்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது அவன் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ். இரவு வேலைக்குக் கிளம்பும்வரை போனை ஊமையாக்கிவிட்டுப் படுத்துவிடுவாள். புதுப் பதிப்பு தயாராகும்போதெல்லாம் பூதக்கண்ணாடி கடைசியாக ஒருமுறை அந்தக் கதவைத் திறந்து பூட்டிப் பார்ப்பது வழக்கம். ஆரம்பத்தில் அந்தச் சத்தத்துக்குத் தங்கை அவனைக் கண்டபடி திட்டினாள். இப்போதெல்லாம் புரண்டுகூடப் படுப்பதில்லை.

அவன் போன்களைக் கையில் எடுத்துப் பார்த்தான். பழைய மலிவு போனில் வாசல் காலி. அடுத்த இரண்டிலும் காலி. அதற்கடுத்ததில் மாடிப்படிப் பக்கம் சுவரில் ஈரம் படர்ந்தது போல ஒரு கறை. போன மாதம் வாங்கிய, புள்ளிகள் நெருங்கிய புதுப் போனில் அந்தக் கறைக்குத் தோள்கள் இருந்தன.

"உன் வேலைதான்," என்றார் லீடர். "மாதிரிப் படத்தை எடுக்காம விட்டிருக்கே."

அவனுக்கும் அப்படித்தான் பட்டது, எரிச்சலும் வந்தது. உள்ளங்கை அகலத் திரைதான், ஆனால் ஒன்றில் புள்ளிகள் குறைவு, இன்னொன்றில் அதே இடத்தில் பல மடங்கு. ஒவ்வொரு அடர்த்திக்கும் தனித்தனி ஃபோல்டரில் தனித்தனிப் படம் வைக்க வேண்டும். ஒன்றில் மறந்தால் போன் பக்கத்து ஃபோல்டரில் கைவைத்து, கிடைத்ததை இழுத்தோ நசுக்கியோ ஒட்டிக்கொள்ளும். எதை எடுக்கும் என்பதிலும் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரு நியாயம், புதியதற்கு வேறொரு நியாயம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றில் பல்லை இளிக்கும். இந்த மாதம் முழுக்க அவன் வாழ்க்கை இதுதான். கேமரா வருவதற்குமுன் வடிவத்துக்காக வாசலில் ஓர் ஆள் நிற்கும் படத்தை வைத்திருந்தார்கள். அது எங்கோ ஒரு ஃபோல்டரில் தங்கியிருக்கும்.

தேடினான். இல்லை. மாதிரிப் படத்தை அவனே எப்போதோ நீக்கியிருந்தான். அதுவுமில்லாமல் அந்தப் படத்தில் இருந்தவன் பார்சலோடு சிரித்துக்கொண்டிருப்பான்.

இது சிரிக்கவில்லை. இதற்கு முகம் இருக்க வேண்டிய இடம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

ஃபோல்டர்களைக் காலிசெய்து, முதலிலிருந்து செயலியைக் கட்டி, எல்லாப் போன்களிலும் ஏற்றினான். சார்ஜர்கள் சூடாகிப் பிளாஸ்டிக் வாடை அடித்தது, ஏ.சி. நின்று நின்று இரைந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. புதுப் பதிப்புக்குக் காத்திருந்த வாடிக்கையாளரிடம் லீடர் போனில் பத்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று கெஞ்சும் குரல் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்தது. புதுப் போனில் படம் வந்தது. தோள்கள் இப்போது மாடிப்படிப் பக்கம் இல்லை. கதவருகே இருந்தன. நெற்றியைக் கதவில் வைத்து, உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்பதுபோல நின்றது.

தங்கைக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள் என்று தெரிந்தே மறுபடி செய்தான். பிறகு அடுக்ககத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டு, மேலே போய்ப் பார்க்கும்படி சொன்னான். மூட்டுவலியைப் பற்றிப் புலம்பியபடியே அவர் படியேறினார். மூச்சிரைப்பு அவன் காதில் கேட்டது. ஐந்து திரைகளிலும் வாட்ச்மேன் தலை வந்தது.

"யாருமில்ல தம்பி."

"கதவுகிட்ட பாருங்க."

"கதவுகிட்டதான் நிக்கறேன். ஈ காக்கா கூட இல்ல."

நான்கு திரைகளில் அவர் தனியாக நின்றார். புதுப் போனில் அவர் தோளை ஒட்டி இன்னொரு தோள் இருந்தது. அவர் பேசும்போது அது கதவிலிருந்து நெற்றியை எடுத்து, மெதுவாக அவர் வாயைப் பார்த்தது.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். வாட்ச்மேன் ஏதோ சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

"நேர்ல ஆள் போய்ப் பார்த்தாச்சு, இல்லைன்னு சொல்லியாச்சு," என்றார் லீடர், கதவைத் தள்ளிக்கொண்டு வந்து. "அப்புறம் என்ன பேய்க்கதை? எல்லாப் போனுக்கும் அந்தப் பழைய போனோட அளவையே குடுத்துடு. கலங்கலா வந்தா வரட்டும். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

அவன் வீட்டுக்குப் போகிறேன் என்றான். முடித்துவிட்டுப் போ, யார் பிடித்தது என்றார் லீடர். வாதாடத் தெம்பில்லை. வாட்ச்மேன் கண்ணுக்கு எட்டாதது எப்படி நிஜமாக இருக்கும் என்று அவனும் தனக்குச் சொல்லிக்கொண்டான். அது புள்ளிகளின் கோளாறு, வேறென்ன. திரை எதுவானாலும் கேமராவிடம் குறைந்த அடர்த்தியில் மட்டும் படம் கேட்கும்படி மாற்றினான். வெட்கங்கெட்ட வேலை. ஏற்றினான்.

புதுப் போனில் வாசல் வந்தது. கலங்கலாக, சொரசொரவென்று.

காலியாக.

லீடர் அவன் முதுகில் தட்டிவிட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லப் போனார். அவன் பையை எடுத்தான். கணினியை அணைக்கக் குனிந்தான். அப்போதுதான் உறைத்தது. அதை அவன் விரட்டவில்லை. பார்ப்பதைத்தான் நிறுத்தியிருந்தான்.

பின்னால் பூதக்கண்ணாடி கொட்டாவி விடும் சத்தம். வழக்கமான கடைசிச் சோதனை.

"அக்கா, திறக்காதீங்க."

"தட்டிட்டேனே," என்றாள் அவள். "ஏன்?"

மேஜையில் ஐந்து போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. ஐந்து திரைகளிலும் தாழ்ப்பாள் விலகியது. இந்தச் சோதனையில் கதவு விரலளவு விலகும், மேலே இருக்கும் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். அவ்வளவுதான்.

விரலளவோடு நிற்கவில்லை.

கதவு பாதி திறந்தது. பிறகு முழுதாக. சுவரில் போய்ப் படும்வரை. யாரோ கையால் பிடித்துக்கொண்டிருப்பதுபோல அப்படியே நின்றது. வாசலில் யாருமில்லை. உள்ளே கூடத்து இருட்டு. அந்த இருட்டின் கோடியில் தங்கையின் அறை.

பூதக்கண்ணாடி திரைமேல் குனிந்தாள். "ஸ்பிரிங் போயிடுச்சா?"

அவன் பூட்டு பொத்தானை அழுத்தவில்லை. அவளும் அழுத்தவில்லை. இருவர் கைகளும் மேஜைக்கு மேலே காற்றில் இருந்தன.

கதவு மூடியது. மெதுவாக. தூங்குபவர் எழுந்துவிடக் கூடாது என்று பார்த்து மூடுவதுபோல.

ஐந்து திரைகளிலும், ஐந்து அளவு எழுத்தில், ஒரே வரி வந்தது. உள்ளிருந்து பூட்டப்பட்டது.