எதிர்த்துச் சுழன்ற இன்ஜின்

வெள்ளம் வடிந்த பிறகு, ஆற்றிலிருந்து தூக்கிய ஜீப்னி என்ற பயணிகள் வண்டியை இழுத்துவந்து மரிவிக்கின் வீட்டுக் கொட்டகையில் விட்டார்கள். பாலத்திலிருந்து அதோடு விழுந்து செத்தவன் அவள் கணவன் தாதோ. உடல் கிடைத்து அடக்கமும் ஆகிவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். இனி வண்டியைத் தானே ஓட்டுவதென்று மரிவிக் முடிவெடுத்திருந்தாள்.

தாதோவின் தம்பி செல்மோ மெக்கானிக். மதியம் சோறும் கருவாடும் தின்றுவிட்டு வேலையைத் தொடங்கினான். உள்ளே தண்ணீர் இருக்கும்போது சாவி போட்டால் இன்ஜின் உடைந்துவிடும். அதனால் பாட்டரியைக் கழற்றினான், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றினான், இன்ஜினைச் சுழற்றும் முன்பக்கச் சக்கரமான புல்லியில் ஸ்பானரை மாட்டி, அதில் நீளக் குழாயைச் சொருகிக் கையால் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் இன்ஜெக்டர் இருந்த துளைகளிலிருந்து சேற்றுநீர் பீறிட்டது.

"தின்ன சோறெல்லாம் எங்க போச்சு? அழுத்திச் சுத்து!" என்றாள் மரிவிக்.

"நீங்க சுத்திப் பாருங்க அண்ணி, அப்பத் தெரியும்."

சிரித்தார்கள். வெளியே மழை பிடித்தது. கொட்டகைக்குள் டீசலும் ஆற்றுப்பாசியும் கலந்த நாற்றம்.

மரிவிக் கீழே பிடித்துவைத்த வாளி நிரம்பியது. கொட்டிவிட்டு வைத்தாள். மறுபடி நிரம்பியது.

"இவ்வளவு தண்ணி இதுக்குள்ள எப்படி அண்ணி?"

அவள் பதில் சொல்வதற்குள் குழாய் அவன் கையை மேலே தள்ளியது.

அவன் அழுத்தினான். அது திருப்பித் தள்ளியது. மெதுவாக, மறுமுனையில் யாரோ பிடித்திருப்பதுபோல.

ஸ்பானரைப் பிடுங்கி எறிந்தான்.

புல்லி நிற்கவில்லை. தானாகவே சுழன்றது, எதிர்ப்பக்கமாக.

மரிவிக் கிட்டே போய்க் குனிந்தாள். "தாதோ… நீங்களா?"

சுழற்சி வேகமெடுத்தது. தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது. அவள் பின்வாங்கிச் செல்மோவின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"இது அவர் இல்லடா."

"அப்ப யாரு?"

அவளுக்குத் தெரியவில்லை. பாலத்திலிருந்து விழுந்த அன்றைக்கு மழையில் அந்த வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

இருவரும் மழையில் இறங்கி ஓடினார்கள்.

அந்த இன்ஜினைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனான். செல்மோ வேறொன்றைத் தேடிப் பொருத்தினான். கையால் சுற்றிப் பார்த்தான். லேசாக, சொன்னபடி சுற்றியது. ஒரு சொட்டு ஈரமில்லை. அவனுக்குத்தான் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. சோதனை ஓட்டத்துக்குத் தானும் ஏறி, மரிவிக்கின் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் யாரும் இல்லை.

நல்ல வெயில். பாலத்தைத் தாண்டினார்கள்.

டக். டக்.

இறங்க வேண்டிய பயணி கைப்பிடிக் கம்பியைக் காசால் தட்டுகிற சத்தம். தன்னையறியாமல் மரிவிக் வண்டியை நிறுத்திவிட்டாள்.

கண்ணாடியில் பார்த்தார்கள். காலி இருக்கைகள். யாரும் இறங்கவில்லை.

"போங்க அண்ணி," என்று கிசுகிசுத்தான் செல்மோ. "திரும்பிப் பார்க்காதீங்க. போங்க."

கியரைப் போட்டாள். வண்டி நகர்ந்தது.

டக். டக்.

இம்முறை அவள் தலைக்குப் பின்னாலேயே.