மூன்றாவது பலகை

யாரும் விளையாடாத வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

திரையில் ஒட்டிய தூசி என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பழைய வீடியோ கேமைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். குட்டி உருவம் ஒன்று தாவித் தாவி ஓடும். கால் தவறினால் விழுந்து சாகும். மறுபடி கட்டத்தின் தொடக்கத்திலிருந்து ஓடும். விளையாடுகிறவர்கள் சாகும் இடங்களில் எல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். எந்த இடம் அளவுக்கு மீறிக் கொல்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஏழாவது கட்டத்தின் புள்ளிகளை அன்று காலையில்தான் மொத்தமாக அழித்திருந்தாள்.

அதே இடத்தில் இன்னொரு புள்ளி விழுந்தது.

மதிய நேரம். ஏசியின் முனகலும் யாரோ திறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவின் வாசனையும்தான் அறையில் மிச்சம். பூனை என்று எல்லோரும் கூப்பிடும் புரோகிராமர் மட்டும் மேசையில் தலைசாய்த்துக் கிடந்தான்.

"பூனை, ஏழாவது கட்டத்துல யாரு இருக்கா?"

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்கக்கா. நான் தூங்கிட்டிருக்கேன்."

"தூங்குறவன் பதில் சொல்லமாட்டான்."

"பழைய கேம்ல இருந்ததை அப்படியே தூக்கிப் போட்டிருக்கோம். உள்ள என்னென்ன கெடக்கோ. விடுங்கக்கா."

அவள் விடவில்லை. நேரம் குறித்தாள். நான்கு நிமிடம் பத்து நொடிக்கு ஒருமுறை, உடைந்த பாலத்தின் மூன்றாவது பலகையில், ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. அந்தக் கணக்கு அவளுக்குப் பழக்கமானது.

அப்போது அண்ணனுக்குப் பதினான்கு வயது, அவளுக்கு ஒன்பது. பள்ளி விடுமுறையில் நாள் முழுக்க அவன் இதே கேமின் ஏழாவது கட்டத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். "எத்தனை தடவை விழுறேன்னு நீ எண்ணிக்கிட்டே இரு" என்பான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். நான்கு நிமிடம் பத்து நொடிக்கு ஒருமுறை அவன் விழுவான், விழும்போதெல்லாம் தோள் தூக்கிப்போடும். அந்தப் பாலத்தை அவன் தாண்டவே இல்லை. பதினோராம் நாள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை. கன்ட்ரோலரைக் கையிலிருந்து பிடுங்கினார்கள். கட்டைவிரல்கள் மட்டும் நிற்கவில்லை.

இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. டாக்டர்கள் அதற்கு ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். அம்மா போனபிறகு வீட்டோடு சேர்ந்து அண்ணனும் அவள் பங்குக்கு வந்தான். ஊட்டுகிறாள், சவரம் செய்கிறாள், ஆடும் விரல்களைப் பிடித்து நகம் வெட்டுகிறாள். அவ்வப்போது அவன் தோள் ஒருமுறை தூக்கிப்போடும். அழுகை எந்த வருடம் நின்றது என்று அவளுக்கு ஞாபகமில்லை. எல்லாம் மரத்துப்போயிருந்தது.

பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணன் என்ன பண்றார்?"

"என்ன பண்ணுவார், உக்காந்திருக்கார். வெரல் ஆடுது."

"போனை வெச்சிடாதீங்க. தோள் தூக்கிப்போட்டா சொல்லுங்க."

திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். புள்ளி விழுந்தது.

"இந்தா, தூக்கிப்போட்டுச்சும்மா."

பயப்பட வேண்டிய நேரம் அது. பிடரி சில்லிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வந்தது பயமில்லை, பல வருடம் கழித்து வந்த இரக்கம். ஒவ்வொரு முறை விழுந்தபிறகும் முதலிலிருந்து அத்தனை தூரம் ஓடிவருகிறான், ஒரு பலகைக்காக.

அவள் கையில் ஒரு வழி இருந்தது. செக்பாயின்ட். அதைத் தொட்டுவிட்டால், செத்தாலும் தொட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஏழாவது கட்டத்தில் மட்டும் அது கிடையாது, வைக்கவும் கூடாது என்பது கேம் டைரக்டரின் கண்டிப்பு. இன்னொன்றும் உண்டு. இந்த கேம் ஒரு இடத்தைச் சேமித்துவிட்டால் சேமித்ததுதான். பின்னால் போக வழியே இல்லை. ரசிகர்கள் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

மவுஸால் செக்பாயின்ட்டின் எல்லையைக் காட்டும் சதுரத்தை இழுத்துவந்து பாலத்தில் வைத்தாள். ஒரு அடிகூட அவன் கூடுதலாக ஓடவேண்டாம் என்று மூன்றாவது பலகையிலேயே வைத்தாள்.

நான்கு நிமிடம் பத்து நொடி. செக்பாயின்ட்டைத் தொட்டதற்கு அடையாளமாகப் பலகை மேல் குட்டிக் கொடி ஏறியது.

புள்ளி விழுந்தது.

உடனே இன்னொன்று.

இன்னொன்று. இன்னொன்று.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். செக்பாயின்ட் சதுரத்தின் கீழ் ஓரம் பலகையைத் தாண்டி, ஒரு விரற்கடை அளவு, பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் முதல் நாளே சொல்வது இதைத்தான்: சதுரம் பள்ளத்துக்குள் நீளக்கூடாது, நீண்டால் விழும்போதே சேமித்துவிடும். சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம். இன்று பார்க்கவில்லை.

பாதி விழுந்த நிலையில் அவனைச் சேமித்திருந்தாள்.

கொடியை அழித்தாள். புள்ளிகள் நிற்கவில்லை. கேமை மூடினாள். வரைபடத்தில் நிற்கவில்லை. மேசைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. பூனை தலைதூக்கி, "என்னக்கா ஆச்சு?" என்றான்.

போன் இன்னும் மேசையில்தான் இருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா... வீட்டுக்கு வாங்கம்மா. நான் வெளிய நிக்கிறேன்."

வெயில் தாழாத நேரத்தில் வீடு வந்து சேர்ந்தாள். ஆயா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

பின்னறையில் ஜன்னல் திறந்திருந்தது. நல்ல வெளிச்சம். நாற்காலியின் கால்கள் தரையில் தட்டும் சத்தம். டக். டக். டக்.

அண்ணனின் தோள் தூக்கிப்போட்டது. அடங்குவதற்குள் மறுபடி. அடங்குவதற்குள் மறுபடி.

கட்டைவிரல்கள் நின்றிருந்தன. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக. பட்டனை அழுத்த நேரமில்லை.

கண்கள் அவளைப் பார்த்தன. அதுவும் முதல்முறை. அவன் வாய் திறந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தது. தோள் தூக்கிப்போட்டது. வாய் மூடி, முதலிலிருந்து திறந்தது. மறுபடி. மறுபடி.

ஒன்பது வயதில் உட்கார்ந்ததுபோலவே அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எண்ண ஆரம்பித்தாள். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் மூன்று முறை விழுந்திருந்தான்.